குளியல் தொட்டியில் நான்கு கடல் அட்டைகள்

"பம்ப் அவ்வளவுதான் மேடம். நாளைக்குத்தான் சரி பண்ண முடியும். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் கல்லூரி எலெக்ட்ரீஷியன்.

கடல் உயிரியல் பேராசிரியை தொட்டியை எட்டிப் பார்த்தார். பம்ப் ஓடாவிட்டால் ஆய்வகத் தொட்டியில் கிடக்கும் நான்கு கடல் அட்டைகளும் விடிவதற்குள் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடல் அட்டை பார்ப்பதற்கு முற்றி வதங்கிய கத்தரிக்காய்போல இருக்கும். சுறுசுறுப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். கூடப் படித்தவர்கள் டால்பின், சுறா என்று கிளம்பி டிவியில் எல்லாம் வந்தார்கள். இவர் மட்டும் இந்த அட்டையைக் கட்டிக்கொண்டு அழுததில் கிடைத்தது 'அட்டை மேடம்' என்ற பட்டம். அழிந்துவரும் இந்த இனத்தைத் தொட்டியில் முட்டையிட வைக்க வேண்டும், அதுதான் அவருடைய வாழ்நாள் லட்சியம். அவையோ தின்றன, தூங்கின, அதோடு சரி.

பொறுத்துப் பார்த்த துறைத்தலைவர் போன வாரம் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள ஒரு குஞ்சையாவது கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா அந்த ரூமைப் பழைய ஃபைல் அடுக்கக் குடுத்துடுவேன்."

"சரி, வீட்டுக்கே போறேன். இதுங்களையும் தூக்கிட்டு" என்றார் பேராசிரியை.

எலெக்ட்ரீஷியனின் முகம் வெளிறியது. "இதுங்களையுமா? வேணாம் மேடம், நான் பாத்துக்கறேன்!"

"பம்ப் இல்லாம எப்படிப் பாத்துப்பீங்க? வாயால ஊதப் போறீங்களா?"

கதவைத் திறந்த கணவர் இஸ்திரி போட்ட சட்டையும் மழித்த முகமுமாக நின்றார். மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். மனைவிக்குப் பின்னால் வாளிகளைக் கண்டதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"என்னது இது?"

"விருந்தாளிங்க. பாத்ரூம் தொட்டியைக் கழுவிக் குடுங்க, சீக்கிரம்!"

"அப்ப நான் எங்க குளிக்கிறது?"

"இப்பதான் பளபளன்னு இருக்கீங்களே, நாளைக்குக் குளிச்சா போதும்."

கேன்களில் கொண்டுவந்த கடல் தண்ணீரை ஊற்றி, அட்டைகளை இறக்கி, காற்றடிக்கும் மோட்டாரைச் செருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போயிற்று, மோட்டாரும் படுத்துவிட்டது.

வேறு வழியில்லை. குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். கை விட்டுப்போயிற்று.

"நகரு, நான் ஊத்தறேன். நீ போய் அந்த டீயையாவது குடி" என்று கணவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன பண்ணீங்க?"

"வெளிய மழை கொட்டுது. பாவம், குளிருமேன்னு மீதிக் கடல் தண்ணியை அடுப்புல காய்ச்சி ஊத்தினேன். கொழந்தைக்கு ஊத்தற மாதிரி கை வச்சுப் பாத்துத்தான்!"

"என் உத்தியோகத்தையே வேக வச்சுட்டீங்களே!"

ஓடிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் முழுவதையும் பைகளில் கட்டித் தொட்டியில் போட்டார். பிறகு ஈரத் தரையிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது.

"ஏய், அது எந்திரிக்குது!" என்றார் கணவர்.

ஓர் அட்டை முன்பாதியைத் தூக்கி, பாட்டுக் கேட்டதுபோல இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டாவது எழுந்தது. நான்கும் எழுந்தன. ஒன்றின் தலையிலிருந்து வெள்ளைப் புகைபோல ஏதோ கிளம்பித் தண்ணீரில் பரவியது.

"ஐயோ, கரையுது! தண்ணி கெட்டுப்போச்சு!" என்று கணவர் அடைப்பானைப் பிடுங்கப் போனார்.

"கையை எடுங்க!"

அந்த வீட்டில் அப்படியொரு குரல் அதுவரை எழுந்ததில்லை. கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சாகலைங்க" என்று பேராசிரியை தொட்டியின் மேல் குனிந்தார். "முட்டை போடுதுங்க!"

முட்டையிட வைக்கத் தண்ணீரைச் சூடேற்றிப் பார்க்கும் வித்தையை ஆய்வகத்தில் அவரும் எத்தனையோ முறை செய்தவர்தான். மெள்ள, பதமாக, கருவி வைத்துச் செய்தார். காய்ச்சி ஊற்றி, கையோடு ஐஸையும் கொட்டும் துணிச்சல் எந்த விஞ்ஞானிக்கும் வந்ததில்லை.

அன்று அந்த வீட்டில் சமைக்க ஒரு பாத்திரம் மிஞ்சவில்லை. எல்லாவற்றிலும் முட்டை.

வார முடிவில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த துறைத்தலைவர் எடுக்க மறந்தார். கண்ணாடித் துகள்போல ஆயிரக்கணக்கான குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. "பக்கத்து ரூமையும் நீங்களே எடுத்துக்கங்க மேடம்" என்றார். வெளியே டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள். டால்பின் தோழிகூட போனில் வாழ்த்தினாள். வாழ்க்கையில் முதல் முறையாக, 'அட்டை மேடம்' என்று யாரோ கூப்பிட்டபோது பேராசிரியைக்குக் காலர் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

பாராட்டுக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "அன்னிக்குப் பம்ப் மட்டும் ரிப்பேர் ஆகலேன்னா, இது நடந்தே இருக்காது."

முன்வரிசையில் கணவர் தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும், கையில் கேக்கோடு எலெக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"பம்ப்புக்கு ஒண்ணுமே ஆகலை மேடம், கல்யாண நாளும் அதுவுமா உங்களைத் தனியா வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லி உங்க வீட்டு சார்தான் என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாரு."