ஐந்து கல்லூரிகளை வரிசையில் நிறுத்திய விவரம்

டோலிவர், மிசௌரி
புதன்கிழமை, ஏப்ரல் 9

பெருமதிப்புக்குரிய மைத்துனர் டுவெயின் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வெர்லின் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நடீனும், பத்து மாடுகளும், ஒரு காது மட்டும் கேட்கிற நாயும் நலம். அங்கே தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்றும், காற்றில் போன கொட்டகைக் கூரை பக்கத்துப் பண்ணையிலிருந்து முழுசாகத் திரும்பி வந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு தேவாலயம் முடிந்த கையோடு தாங்கள் நடீனுக்கு ஒரு போன் போட வேண்டும். நான் கேட்டுக்கொண்டதாக மூச்சு விடக் கூடாது. பேச்சோடு பேச்சாக, "கிரேட்டன் காலேஜுக்கு ரொம்ப நல்ல பேராமேம்மா, இங்க நெப்ராஸ்கா வரைக்கும் பேசிக்கிறாங்க" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். நெப்ராஸ்காவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கும் தெரியும். அவளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது, வருகிற செவ்வாய்க்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும். ஒன்று கிரேட்டன், நம் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு மைல். இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஆஷ்பி என்ற ஊரில். அது எத்தனை மைல் என்பது இந்தக் கடிதத்தில் பிறகு வரும், அதை நான் விரும்பிச் சொல்லப்போவதில்லை.

சென்ற வருடம் இதே ஏப்ரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முட்டிக் காயத்துக்குப் பத்தொன்பது வருடம் மருந்து போட்ட நடீன், இரவுச் சாப்பாட்டின் நடுவில், "ஏங்க, நான் டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு" என்றேன் நான். இதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று வருடமாக மாலை வகுப்பில் வேதியியல் படித்ததை நான் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டு அம்மாள் மெத்தை தைக்கிறாளே, அந்த மாதிரி. அப்போது தாங்கள் போனில், "நாப்பத்தாறு வயசுல என் தங்கச்சி சுளுக்கெடுக்கப் படிக்கப் போறாளா மாப்ளே?" என்று கேட்டதும், அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மத்த டாக்டருங்க படிக்கிற அத்தனையும் படிச்சிட்டு, அதுக்கு மேல எலும்பையும் தசையையும் கையால தொட்டுப் பார்த்துச் சரி பண்ணவும் படிக்கிறதுண்ணா இது. ஆஸ்டியோபதின்னு பேரு, இந்த மிசௌரியிலதான் பொறந்துச்சு. மருந்தும் எழுதுவோம், ஆபரேஷனும் பண்ணுவோம். உனக்கு முதல்ல நாக்குல பண்ணணும்" என்று சொன்னதும் தங்களுக்கு நினைவிருக்கும்.

ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவதாகச் சொன்னாள். எந்தக் கல்லூரிக்கு என்ன பேர் என்று யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை என்றும் சொன்னாள். அவள் யாராவது என்றது கணினி தெரிந்த யாராவது. முப்பது வருடம் மாவட்டக் கண்காட்சிகளில் மாடு நிறுத்திப் பார்த்து வரிசை சொன்ன நடுவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று நானே ஏற்றுக்கொண்டேன். மாடும் கல்லூரியும் ஒன்றா என்று தாங்கள் கேட்கலாம். பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நாம்தான் பின்பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதலில், விண்ணப்பம் போடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளத்தைப் படித்தேன். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒரே கல்லூரியை ஒருவன் சொர்க்கம் என்கிறான், அடுத்தவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்கிறான், நூறு பக்கம் தாண்டிய பிறகு இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தெரிந்து, யாரும் கேட்காமலே அவன் மன்னிப்பும் கேட்கிறான். தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், படிப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை கிடைத்தது, கல்லூரி பழையதா நேற்று முளைத்ததா என்று ஒரு பிரளயமே நடக்கிறது. எல்லாவற்றையும் கண்காட்சித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஆனால் ஊரார் வாயில் வருவதுதான் பேர் என்பது என் கட்சி. எனவே ஐந்து ஊரிலும் மாட்டுத் தீவனக் கடைக்குப் போன் போட்டேன். ஒரு ஊரில், "இங்க மெடிக்கல் காலேஜ் இருக்கா? எந்தத் தெருவுல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு ஊரில், "நல்ல பசங்க, ஆனா எங்க லாரி நிக்கிற இடத்துல காரை விட்டுட்டுப் போயிடறாங்க" என்றார்கள். கிரேட்டனில் கடைக்காரர் கல்லூரியை வானளாவப் புகழ்ந்தார். நான் இரண்டு முறை அவருடைய காளைக்கு முதல் பரிசு கொடுத்தவன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஷ்பியில் எடுத்தவர், "இருக்கு. நல்லாருக்கு. வேற?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். வைத்துவிட்டார். வாய் திறந்து நாலு வார்த்தை பேச மனமில்லாத ஊர் என்று குறித்துக்கொண்டு அதைக் கடைசியில் நிறுத்தினேன்.

இந்தக் கல்லூரிகள் விண்ணப்பத்தோடு ஆஸ்டியோபதி டாக்டர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். நமக்குத் தெரிந்தவர் டாக்டர் மெரில் ஒருவர்தான். பொலிகாளை என்னை வேலியோடு சேர்த்து அணைத்ததிலிருந்து எட்டு வருடமாக மாதம் ஒருமுறை என் கழுத்தை நிமிர்த்தி விடுகிறவர். ஆகஸ்டில் அவருடைய மேசையில் மல்லாந்து படுத்து, என் தலை அவருடைய இரண்டு கைக்குள் இருக்கும்போது, சும்மா இருக்காமல் என் வரிசையை எடுத்துச் சொன்னேன். கடைசியாக, "ஆஷ்பின்னு ஒண்ணு இருக்கு டாக்டர், அதெல்லாம் ஒரு காலேஜா, அங்க படிச்சவன்கிட்ட நான் என் நாயைக்கூடக் காட்ட மாட்டேன்" என்றேன்.

கைகள் நின்றன.

"வெர்லின், அந்தச் சுவத்தைப் பாரு" என்றார். கழுத்து அவர் கையில் இருந்ததால் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருடமாக அங்கே சட்டம் போட்டுத் தொங்குகிற அவருடைய பட்டத்தில் ஆஷ்பியின் முத்திரை இருந்தது. "எட்டு வருஷமா உன் கழுத்தை என்கிட்ட குடுத்துட்டுப் படுக்கிறே. எங்க படிச்சீங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா?" என்றார். இல்லை டாக்டர் என்றேன். "மூச்சை உள்ள இழு. விடு" என்றார். அன்று வந்த சத்தம் அதற்கு முன் வந்ததில்லை. வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு மூன்று வாரம் கழுத்து கன்றுக்குட்டி மாதிரி திரும்பியது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பரிந்துரைக் கடிதம் போயே போய்விட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "நடீனுக்கு லெட்டர் எழுதறேன். உனக்காக இல்ல" என்று குரல் வந்தது. இந்தச் சம்பவத்தை நடீனிடம் நான் சொல்லவில்லை. டோலிவரில் அறுநூறு பேர் இருக்கிறோம், அதனால் நான் வீடு வந்து சேருமுன் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று, செவ்வாய் மாலை, நடீன் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சரி, வரிசை போட்டீங்கல்ல. எழுந்து நின்னு காரணம் சொல்லுங்க" என்றாள். இந்த வீட்டில் இப்படிச் சொன்னால் விளையாட்டு இல்லை என்று தங்களுக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் கண்காட்சிக்கு அவள் கொண்டுவந்த கன்றை நான் நாலாவதாக நிறுத்த, அவள் மாடு நிறுத்தும் வளையத்தை விட்டுப் போகாமல் நின்று காரணம் கேட்டு, காரணம் பிடிக்காமல், கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவள். நான் எழுந்து, மரக்கரண்டியை ஒலிவாங்கியாகப் பிடித்து, முறைப்படி சொன்னேன். முதலில் கிரேட்டன், தேர்ச்சியில் இரண்டாவதை விடக் கொஞ்சம் பின்தங்கினாலும் நிலையான நடை, நல்ல மண், மிதமான குளிர். இரண்டாவதற்குப் பெரிய மருத்துவமனை உண்டென்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அங்கே ஆற்றில் வெள்ளம் வரும். இப்படி ஐந்தையும் சொல்லி, ஆஷ்பியின் பனிக்கு மட்டும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். மொத்தம் இருபது நிமிடம். நன்றாகத்தான் பேசினேன்.

அவள் லாரியிலிருந்து சாலை வரைபடப் புத்தகத்தை எடுத்து வந்து, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டினாள். "முப்பத்தெட்டு. இருநூத்திப் பத்து. நானூத்தி அறுபது. எழுநூறு. ஆயிரத்து முந்நூத்தி நாப்பது" என்றாள். "என்னங்க இது, காலேஜோட பேரை வச்சா வரிசை போட்டிருக்கீங்க? மைல்கல்லை வச்சுல்ல போட்டிருக்கீங்க!"

தற்செயல் என்றேன். முப்பது வருடத்தில் என் வரிசையை யாரும் பாரபட்சம் என்று சொன்னதில்லை என்றேன். "என் கன்னுக்குட்டிகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருக்கும்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "கிரேட்டன்ல நேர்முகத்துல, இந்த வயசுலயான்னு கேட்டாங்க. ஆஷ்பியில, எப்ப வர்றீங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச பேரு அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போய்விட்டாள்.

மைத்துனரே, நான் நடுநிலையானவன். தாளை மறுபடி எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன், ஆனால் எந்தப் பக்கம் கூட்டினாலும் நாலு வருடம் என்றே வருகிறது. நாலு வருடம் காலையில் இந்தச் சமையலறையில் நானும் ஒற்றைக்காது நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் போகமாட்டாள், அதைவிடக் கேவலம் வேறில்லை. கிரேட்டன் நல்ல கல்லூரி என்று அவளாகவே நினைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எனவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போன். மூத்தவர் சொன்னால் கேட்பாள் என்று நம்புகிறேன், இதுவரை கேட்டதில்லை என்றாலும்.

தங்கள் வயலில் வேண்டிய மழை வேண்டிய நாளில் பெய்யட்டும், முழங்கால் வலி விடட்டும், கூரை இருந்த இடத்தில் இருக்கட்டும். வீட்டிலும் பேரப்பிள்ளைகளிடமும் என் அன்பைச் சொல்லவும்.

பணிவன்புடன்,
வெர்லின்

பின்குறிப்பு (வியாழன் காலை): போன் போட வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நேற்று இரவே வாசல் தபால் பெட்டியில் வைத்து, தபால்காரர் எடுத்துப் போகச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டிருந்தேன். பள்ளிக்கூடம் கிளம்பிய நடீன் வண்டியை நிறுத்தி, எடுத்துப் பார்த்து, பிரிக்காமல் வாசல் வரை கொண்டுவந்து, "அண்ணனை எதுக்குங்க இதுல இழுக்கிறீங்க? நான் திங்கக்கிழமையே ஆஷ்பிக்குச் சரின்னு எழுதிட்டேன்" என்றாள். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை என்னை எதற்கு இருபது நிமிடம் கரண்டியோடு நிற்க வைத்தாய் என்று கேட்டேன். "நீங்க கூட வர்றீங்களான்னு கேக்கத்தான் உக்காந்தேன். நீங்க பனியைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. அத்தனை கட்டம் போட்டீங்களே, நீங்க வர்றதுக்கு ஒரு கட்டம் போடத் தோணலையா?" என்றாள்.

தோன்றவில்லை. நான் கூடப் போனால் ஐந்து கல்லூரியும் ஒரே தூரம் என்பது முப்பது வருட நடுவருக்குத் தோன்றவில்லை.

ஜூலையில் கிளம்புகிறோம். பத்து மாடுகளையும் தாங்கள் வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரிவிக்கவும். நாய் எங்களோடு வருகிறது. இப்போதுதான் ஆஷ்பி தீவனக் கடைக்கு மறுபடி போன் போட்டு, நான் குடிவரப் போகிறேன், மாடு பார்த்து வரிசை சொல்கிறவன் என்றேன். "சரி" என்றார். வைத்துவிட்டார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. "செப்டம்பர்ல கண்காட்சி. போன வருஷ நடுவர் பக்கத்து ஊர்க்காரர். பக்கத்து ஊர் மாடாவே முன்னால நிறுத்திட்டார். நீங்க எப்படி?" என்றார்.

நான் தூரத்திலிருந்து வருகிறவன் என்றேன்.