மாமனாரைச் சாம்பலாக்கிய கணக்கு

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்காதவன்தான் பிழைப்பான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். புதுசாகப் பௌதிகப் பட்டம் வாங்கிய தலைக்கனம்.)

எழுபதுகளின் கடைசி. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெண்ணின் அப்பா அங்கே கங்காணி. கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதி, அவரே கதாநாயகனாகவும் நிற்பார். மீனாட்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

கங்காணி ஆரம்பித்தார். "இந்த வருஷ நாடகத்துல அக்கினிச் சக்கரம்னு ஒரு ஆயுதம் தம்பி. ஒரு நட்சத்திரம் வெடிச்சா எவ்வளவு சூடோ, அவ்வளவும் அதுக்குள்ள. நீங்க படிச்சவரு, கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்."

சும்மா இருந்திருக்கலாம். பலகாரம் கட்டிவந்த காகிதத்தை எடுத்தேன். நட்சத்திர வெடிப்பின் சக்தியை எழுதி, ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கும் அடுப்பு எத்தனை நாள் எரிந்தால் அவ்வளவு சூடு வரும் என்று வகுத்தேன். முதல் தடவை, உலகம் அழிந்த பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை, ஒரு கிளாஸ் தேத்தண்ணிகூடக் கொதிக்கவில்லை. சைபர்கள் எங்கே போய் ஒளிந்தன என்று இன்றுவரை புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா முழங்கையால் இடித்தார். நான் நிறுத்தினால்தானே!

"அசுரன் எவ்வளவு தூரத்துல நிக்கிறான்?"

"இதோ, நாலடியில."

"அப்படின்னா சக்கரத்த விட்டதும் நீங்களும் சாம்பல்தான் லா!"

நல்ல காரியம் பேச வந்தவன், வீட்டுப் பெரியவரையே சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன். "சிவசிவா" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கங்காணி மீசையைத் தடவினார். "அப்ப அசுரன் எங்க நின்னா நான் பிழைப்பேன்?"

"ரொம்ப ரொம்பத் தூரத்துல, மாமா." ('மாமா' தானாக வந்துவிட்டது.)

"சரி, நீங்களே அசுரனா போய் நில்லுங்க. ஒழுங்கா நின்னா பொண்ணத் தர்றேன்."

திருவிழா அன்று சாயங்காலம், ஒட்டு மீசையோடு என்னை எதிர்மலைச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். தூறல், குளிர். சக்கரம் விட்டதும் விழ வேண்டும். அங்கே மேடையில் மாமா விட்டாரா, இல்லையா? ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விழுந்தேன். சந்தேகம் வந்து எழுந்தேன். மறுபடி விழுந்தேன். அவசரப்பட்டுச் செத்தால் பெண் கிடைக்காதே என்று திரும்பவும் எழுந்து, நடுங்கிக்கொண்டே நின்றேன்.

கடைசியில் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, குடை பிடித்தபடி மீனாட்சி வந்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. வாங்க லா, போலாம்."

இன்றும் எங்கள் வீட்டில் தட்டு வைத்த பிறகு நான் எங்கேயாவது பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால், பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கிறாள். "தாத்தா, நீங்க செத்து ரொம்ப நேரமாச்சு, சாப்பிட வாங்க!" விருந்தாளிகள்தான் பாவம், பதறிப்போகிறார்கள்.