மூங்கில் டோமும் இரண்டு சம்பந்திகளும்

அன்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி அண்ணிக்கு, உங்கள் மருமகளின் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே இரண்டு ஆண்கள் பக்கத்தில் வந்து நின்று யார் என்று கேட்கிறார்கள். அதில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரர் என்பதால்தான் கடிதம்.

கண் பரிசோதனைக்கு வரும் அண்ணன் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நீங்களும் அனுப்பினீர்கள், நானும் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். கல்யாணத்தன்று காரில் முன் சீட்டு யாருக்கு என்று கிளம்பிய சண்டைக்குப் பிறகு இவரும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு ராத்திரிதானே, சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். போதாத காலம், அன்றைக்குத்தான் எங்கள் கொல்லையில் ஒரு வண்டி மூங்கில் வந்து இறங்கியது. டெலிபோன் ஆபீசில் ரிட்டையர் ஆனதிலிருந்து இவருக்குக் கை சும்மா இருப்பதில்லை. மூங்கில் கம்புகளை முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம் மாதிரி நிறுத்துவதை செல்போனில் பார்த்துவிட்டு, அதற்குள் தக்காளிச் செடி வளர்க்கப் போவதாகச் சொன்னார். அதற்கு டோம் என்று பெயராம். காபி டம்ளரோடு கொல்லைப் பக்கம் வந்த அண்ணன் கம்புகளைப் பார்த்தார். நில அளவையிலேயே காலத்தைக் கழித்தவர் இல்லையா, கண் டாக்டர் ஊற்றிய மருந்தையும் மீறி அவருக்குத் தப்பு தெரிந்துவிட்டது. இவர் எதிரிலேயே இருக்க, என்னைப் பார்த்து, "தங்கச்சி, எல்லாக் கம்பையும் ஒரே நீளத்துல வெட்டி அடுக்கிட்டே போனா தட்டையாத்தான் வரும், டோம் வராதுன்னு சொல்லிடுங்க" என்றார். இவரும் என்னையே பார்த்து, "நான் கேட்டேனான்னு கேளு" என்றார்.

கேட்கவில்லை. ஆனால் மறுநாள் கட்டிப் பார்த்தால் தட்டையாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் அளக்க, இவர் அறுக்க, நீளக் கம்பு நுனியில் சிவப்பு, குட்டைக் கம்பு நுனியில் மஞ்சள் என்று பெயிண்ட் அடித்து, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி முடிச்சுப் போட்டு வேலை நடந்தது. பேச்சு மட்டும் என் வழியாகத்தான். சமையலறையில் தாளிக்கிறவளைக் கூப்பிட்டு, சிவப்பை எடுத்து நீட்டச் சொல் என்பார்கள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, உச்சி முடிச்சைப் போட ஏறிய இவருக்கு ஏணி நழுவியது. இவர் மூங்கிலைப் பிடித்துத் தொங்குகிறார். நான் கையில் கரண்டியோடு ஓடி வருவதற்குள் அண்ணன் கீழே போய் நின்றுவிட்டார்.

"சம்பந்தி, கால் எட்டல" என்றார் இவர்.

"என் தோள்ல வைங்க. யோசிக்காதீங்க, வைங்க."

வைத்தார். அண்ணி, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அன்று பேச ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. சாப்பாடு ஆறுகிறது, குளியல் மத்தியானத்துக்குப் போய்விட்டது. டோம் மாடி வீட்டு டீச்சரின் ஜன்னல் உயரத்துக்கு எழுந்து நின்றது. முடிந்த பிறகுதான், நான் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிற ஸ்கூட்டரை உள்ளே விட்டுக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒரே ஒரு கம்பைக் கழற்றுங்கள் என்றேன். கழற்றினால் மற்றதெல்லாம் தொய்ந்துவிடும், ஆட்டோவில் போ என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசியில் தெருவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு ஒரு பக்கமாகத் தூக்கினோம். ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. அதைப் பார்த்து இவரும் அண்ணனும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டரை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். இறக்கும்போது சற்றுத் தள்ளி வைத்துவிட்டதால் இப்போது கொல்லைக் கதவு பாதிதான் திறக்கிறது. நான் ஒருக்களித்துப் போய்விடுகிறேன். அவர்கள் இருவரும் வயிற்றை உத்தேசித்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்தது உங்கள் மொட்டை மாடியில், இதைவிடப் பெரிதாக என்று நேற்று முடிவாகியிருக்கிறது. ஆகவே அண்ணனுக்கு மரியாதைக் குறைவு இல்லாத விதமாக, உங்களுக்கு முழங்கால் வலி என்றோ வேறு எதுவோ சொல்லி, உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் மாடிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. டோமுக்கு மேலே போர்த்தும் தார்ப்பாய் பச்சையா நீலமா என்று காலையில் ஆரம்பித்தார்கள். பச்சை என்றார் இவர். நீலம் என்றார் அண்ணன். என் கொல்லை என்றார் இவர். அவ்வளவுதான், அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி வாசல் வரை போனேன், நிற்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்து சேர்ந்திருப்பார். இவர் டோமுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் பசிக்கவில்லை என்கிறார். நான் பழக்க தோஷத்தில் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காமல், என்ன சொல்லியாவது அண்ணனைத் திருப்பி அனுப்புங்கள், நீங்களும் கூட வாருங்கள். தார்ப்பாயை இரண்டு நிறத்திலும் நானே வாங்கி வைக்கிறேன், ஆளுக்குப் பாதி போர்த்திக்கொள்ளட்டும்.