லத்தீன் வழியாக ஒரு வரவேற்பு

எழுதிப் பழகாத கை இது. துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

ஸ்பானிஷ் தெரியும் என்று சுந்தரேசன் கை தூக்கியது, 2001-இல் அவர் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வாரத்தில். உண்மையில் அவருக்குத் தெரிந்தது மொழியன்று, அதன் உறவுமுறை. கை ஸ்பானிஷில் 'மானோ', ஆங்கிலத்தில் 'மேனுவல்'. புத்தகம் 'லிப்ரோ', அங்கே 'லைப்ரரி'. லத்தீன் என்னும் ஒரே தாயின் பிள்ளைகள். ஊர் மாறியும் முகச்சாடை மாறாதவர்கள். எண்ணி எண்ணி வியந்திருக்கிறாரே தவிர, வாய் திறந்து பேசியதில்லை.

"நாளைக்கு மாட்ரிட்லேர்ந்து இக்னாசியோ வர்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது. வெல்கம் பண்ண வேண்டியது நீங்கதான். கான்ட்ராக்ட் வந்தா உங்க வேலை சேஃப்," என்றார் மேலாளர் சுப்ரியா.

பிள்ளைகள் கைக்கு எட்டாதபோது தாயிடம் போவதே முறை என்று தோன்றியது. அவர் குடியிருந்த ஜீவனஹள்ளியில் அடுத்த வீட்டு டெஸ்மண்ட் தேவாலயப் பாடகர், லத்தீன் வரும்.

"டெஸ்மண்ட், எங்க ஆஃபீஸ்ல ஒரு ஸ்பெயின்காரர். பெரிய மனுஷர். நாளைக்கு அவர் முன்னாடி லத்தீன்ல மரியாதையா நாலு வரி சொல்லணும்."

"அய்யோ பாவம்! வயசு என்ன மேன்?"

"அறுபது இருக்கும்."

"ஃபேமிலி?"

"எல்லாரும் ஸ்பெயின்ல."

டெஸ்மண்ட் நெஞ்சில் கை வைத்தார். வேலை ஆட்டம் காணும் தம் நிலைக்கே இரங்குகிறார் என்று சுந்தரேசன் நெகிழ்ந்தார்.

"சொல்லித் தர்றேன். தலையைக் குனிஞ்சு மெதுவா சொல்லணும், தெரிஞ்சுதா?"

'லுக்ஸ் பெர்பெத்துவா' என்று ஓரிடத்தில் வந்தது. அணையாத ஒளி! இரு நிறுவனங்களின் உறவுக்கு இதைவிட நல்ல வாழ்த்து ஏது?

மறுநாள் காலை ரோஜா மாலை அணிவித்து, தலை குனிந்து, நான்கு வரிகளையும் சொன்னார்.

இக்னாசியோ வெளுத்துப்போய் எழுந்தார். சிலுவைக் குறி இட்டார். "கியேன்? கியேன்?"

யார் என்று கேட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சாடையுள்ள உறவு எதுவும் ஆங்கிலத்தில் சுந்தரேசனுக்குத் தட்டுப்படவில்லை. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்ற பொருளில் கைகளை விரித்து, "தோதா லா ஃபமிலியா!" என்றார். சொல்லுக்குச் சொல், 'குடும்பம் முழுவதும்!'

இக்னாசியோ தொலைபேசிக்கு ஓடினார். மாட்ரிட்டில் இன்னும் விடியவில்லை, எவரும் எடுக்கவில்லை. அழத் தொடங்கினார்.

"என்ன சார் சொன்னீங்க அவர்கிட்ட?" என்று சுப்ரியா பதறினார்.

"வாழ்த்துதான் மேடம்!" என்ற சுந்தரேசன், விருந்தாளியைத் தேற்றும்பொருட்டு அந்த நான்கு வரிகளை மறுபடியும், இன்னும் உருக்கமாகச் சொன்னார்.

இக்னாசியோ விமான நிலையத்துக்கே போய்விட்டார்.

மாலையில் மேசைப் பொருள்களை அட்டைப்பெட்டியில் சுமந்தபடி, எங்கே பிழை என்று யோசித்துக்கொண்டே சுந்தரேசன் வீடு திரும்பினார். பொருள் சரி. உச்சரிப்பும் சரி.

வாசலில் கறுப்புக் கோட்டுடன் டெஸ்மண்ட் நின்றிருந்தார்.

"க்வையர் ரெடி மேன். அந்த ஸ்பெயின்காரர் அடக்கம் எத்தனை மணிக்கு?"

இழந்தவை: ஓர் ஒப்பந்தம், ஒரு வேலை, ஒரு ரோஜா மாலை. உயிர்ச்சேதம் இல்லை.