வெளியேற வேண்டிய மைட்டோகாண்ட்ரியா

மூன்று பக்கமும் கடல் கட்டிக்கொண்டு கிடந்த நெடுங்கரை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் வாயிலிருந்து உத்தரவு விழுந்ததும் அரண்மனை முரசு அதிரும். அதிர்ந்துவிட்டால் அது சட்டம். திரும்பப் பெறுவதற்கென்று முரசில் அடியே கிடையாது. அரசர் வீரகேது நல்லவர்தான், கொஞ்சம் அவசர வாய். முரசறையும் பொன்னுரங்கத்துக்கு அதைவிட அவசரக் கை.

குடையைப் பார்த்துத்தான் மழை வருகிறது என்று சொல்லி, ஒருநாள் அரசர் குடைகளைத் தடை செய்தார். நாடே நனைந்து இருமியது. உடனே இருமலையும் தடை செய்தார். இருமலைக் கொண்டுவந்ததே வெளியாட்கள்தான் என்று சட்ட மந்திரி அம்பலவாணர் கண்டுபிடித்துச் சொல்ல, ‘வெளியிலிருந்து வந்தவர்களின் வம்சம் எல்லாம் பௌர்ணமியன்று வெளியேற வேண்டும்’ என்று முரசு அதிர்ந்தது.

வேல்விழியின் கணவன் கடலரசனுடைய பாட்டனுக்குப் பாட்டன் படகில் வந்தவர். அவள் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானி. அவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“என் பழைய போர்வை உங்களுக்கு எதுக்குங்க?”

“உன் வாசனை இருக்குல்ல, டாக்டரம்மா.”

“ஆய்வகத்து ஆசிட் வாசனைதான் இருக்கும்.”

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் அரண்மனையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

அரசரின் கழுத்தில் ஒரு கட்டி. அரசவை வைத்தியர்கள் அதற்கு ‘ராஜமுத்து’ என்று பெயர் வைத்து, தினமும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். வேல்விழி சோதித்துப் பார்த்துவிட்டு, “இது புற்றுநோய், அரசே” என்றாள்.

வைத்தியர்கள் சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

“உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. செல் கெட்டுப்போனால், ‘நீ அழிந்துபோ’ என்று சொல்வதும் அதுதான். இந்தக் கட்டி அதன் வாயை அடைத்துவைத்திருக்கிறது. அதை மறுபடி பேசவைக்கத்தான் மருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.”

அரசர் நெகிழ்ந்துபோனார். “எவ்வளவு விசுவாசம்! எந்தக் குலம் அம்மா அது?”

வேல்விழிக்குப் போர்வை நினைவுக்கு வந்தது. உண்மையையே சொன்னாள். “நம் குலம் இல்லை அரசே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து உள்ளே வந்த கிருமி. அப்படியே தங்கி, நம்மோடு ஒன்றாகிவிட்டது.”

“வெளியிலிருந்தா? வெளியேற்று அதை!”

முரசு அதிர்ந்தது.

அம்பலவாணர் தொண்டையைச் செருமினார். “அதனை உடலினின்று பிரித்தெடுக்க இயலுமா?”

“பிரித்தால் உயிர் இருக்காது.”

“அவ்வாறாயின், அது எவரெவர் உடலில் உள்ளதோ அவரவரும் உடன் செல்வதே முறை. யார் யார் உடலில் உள்ளது?”

“எல்லார் உடம்பிலும்தான். உங்களிடமும்.”

மந்திரி தம் வயிற்றைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார்.

“யோவ் பொன்னுரங்கம், மாத்தி அடிய்யா!” என்று கத்தினார் அரசர்.

“அப்படி ஒரு அடி என் அப்பா சொல்லித்தரலையே, சாமி.”

பௌர்ணமியன்று நாடே படகேறியது. முதல் படகில் அரசர், மந்திரி, வேல்விழி. துடுப்பு கடலரசன் கையில். அந்தப் படகில் துடுப்புப் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். குளிரில் நடுங்கிய அரசருக்கு அவன் அந்தப் போர்வையைப் போர்த்திவிட்டான்.

“எங்கேப்பா போறோம்?” என்று கேட்டார் அரசர்.

“எனக்குத் தெரிஞ்ச ஊரு ஒண்ணுதானுங்க.”

படகு விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட துறைக்கே வந்தது. மற்ற படகுகளும் பின்னாலேயே வந்தன. “சட்டப்படி வெளியேறியாயிற்று” என்று மந்திரி அறிவித்தார்.

ஆனாலும் அரசர் இறங்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவர் அனுமதி கேட்க வேண்டுமே. கரையைப் பார்த்தார். ‘யார் நீங்கள்?’ என்று கேட்க அங்கே ஒருவர்கூட இல்லை.

முதலில் குதித்து இறங்கிய கடலரசன் கையை நீட்டினான்.

“வாங்க, வாங்க. பார்த்துக் கால் வையுங்க.”