விக்கல் எடுத்த டெலிபோன்

முகத்தைப் பார்த்துப் பேசவே வெட்கப்படுகிறவள் நான். முகமே தெரியாத போனில் எப்படிப் பேசுவேன்? கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆபீசில் பதினோரு வருஷம் பெருக்கித் துடைத்தும் ஒரு போனைக்கூட எடுத்ததில்லை. (துணியால் துடைத்திருக்கிறேன், அதுவும் பயந்துகொண்டே.) ஒருநாள் எடுத்தேன். எடுத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனி போன்களுக்கெல்லாம் உயிர், ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டிய ஒரு பழைய பெட்டி. கேட்டிலிருந்து கேன்டீனைக் கூப்பிட்டாலும் அதன் வழியாகத்தான் போகும். அதைப் பார்த்துக்கொள்வது பழவேற்காட்டு மும்தாஜ். பெட்டிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் மோடம் என்று ஒன்றை வைத்து, தனி லைன் இழுத்து, லைன் சரியா என்று பார்க்க அதே லைனில் ஒரு போனையும் மாட்டினாள். அன்றைக்குத் தரையில் என்னோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டாள். அவ்வளவு படிப்பு, துளி அலட்டல் கிடையாது. "இனிமே ஊட்ல இருந்தே பாத்துக்குவேன் ஆயா" என்றாள். எப்படி என்று கேட்க எனக்கு வெட்கம்.

போன வருஷம் ஒரு காலையில் எல்லா போன்களும் ஊமையாகிவிட்டன. நான் பெருக்கிக்கொண்டிருந்த ஸ்டோர் ரூமுக்கு ஆட்களோடு வந்து மேனேஜர் கத்தினார்.

"ஒரு மணிக்குள்ள சரியாவலன்னா இந்தப் பொட்டிய எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம். அந்தப் பொண்ணுக்கும் இனிமே வேலை இல்லன்னு சொல்லிடுங்க."

எல்லோரும் போனபிறகு, மோடம் பக்கத்துப் போன் அடித்தது. ஒன்றாவது உயிரோடு இருக்கிறதே! எடுக்காவிட்டால் இதுவும் செத்துவிட்டதென்று பழியை மும்தாஜ் தலையில் போடுவார்களே! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அலோ..."

"பீப்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பீப்."

யாருக்கோ விக்கல். பாவம்.

"தண்ணி குடிம்மா."

"பீப்."

"மூச்ச அடக்கிக்கினு குடி."

கட்டானது. மறுபடி அடித்தது. முதல் சத்தத்திலேயே பாய்ந்து எடுத்தேன். (விக்குகிற ஜீவனிடம் என்ன வெட்கம்?) ஏழு தடவை அடித்தது; ஏழு தடவையும் வைத்தியம் சொன்னேன்.

ஏழாவதின்போது மேனேஜர் செல்போனோடு வந்து நின்றார். மணி பன்னிரண்டரை. ஸ்பீக்கரில் மும்தாஜ்.

"சார், என் கம்ப்யூட்டர் போன் போட்டா உங்க மோடம் எடுக்கணும். யாரோ ஒரு அம்மா எடுத்து கம்ப்யூட்டர தண்ணி குடிக்கச் சொல்றாங்க! எனக்குக் கேக்குது, பதில்தான் பேச முடியல."

"இன்னா ஆயா பண்ணிக்கினு கீற?" என்றார் மேனேஜர்.

காப்பாற்றப் போனவள் அவள் பிழைப்பிலேயே கை வைத்திருக்கிறேன்! அழுகை வந்துவிட்டது. "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க சார், நாந்தான்..."

"ஆயாவா அது?" மும்தாஜ் சிரித்தாள். "இப்ப அடிச்சா கைய கட்டிக்கினு நில்லு ஆயா. மோடம் பேசட்டும்."

அடித்தது. நின்றேன். மோடம் 'கீய்ய்ங்' என்று கத்தியது, விளக்குகள் சிமிட்டின. அத்தனை தூரத்தில் உட்கார்ந்து என்ன தட்டினாளோ, முதலில் கேட் போன் அடித்தது, பிறகு கேன்டீன், பிறகு எல்லாம். ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. வாய் பிளந்து நின்றேன். நோயாளியைத் தொடாமலே வைத்தியம் என்றால் அது! (நானும்தான் பார்த்தேன், ஏழு தடவை.)

பெட்டி தப்பித்தது. மும்தாஜும்தான். மேனேஜர் அந்தப் போன்மேல் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்: 'விக்கினாலும் எடுக்காதே'. என் அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு அது எழுத்துக் கூட்டாமலே புரிந்தது. ஆரம்பாக்கத்தில் என் வீட்டில் யாருக்கு விக்கல் வந்தாலும், "நீ கைய கட்டிக்கினு நில்லும்மா" என்கிறார்கள்.

மும்தாஜ் இப்போதும் வேலை முடிந்ததும் ஸ்டோர் ரூமின் இன்னொரு போனுக்கு அடிப்பாள். அதை மட்டும் நான் ஓடிப்போய் எடுப்பேன்.

"ஆயா, தண்ணி குடிச்சிட்டேன்."