கடைசியாகப் படைவரி கட்டியவர்

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் ஆறு நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது. பெற்றோல் நிலையத்துச் சிவப்புச் சட்டையோடு, நெஞ்சில் ஒரு போட்டோக்கொப்பியை அணைத்தபடி, குலசேகரம் பறந்துகொண்டிருந்தார்.

"அண்ணை! கல்லாத் திறப்பு உங்கட பொக்கற்றுக்குள்ள!" என்று கல்லாச் சாவியைக் கேட்டு, கூட வேலை செய்யும் செபமாலைமுத்து பின்னாலிருந்து கத்தியது அவர் காதில் விழவில்லை.

பிரச்சினை சின்னதுதான். ஒரு கூரை ஒழுகியது.

தோர்ண்டன் ஹீத்துக்குப் பக்கத்தில், மேல் எல்ம்பரிக்கும் கீழ் எல்ம்பரிக்கும் நடுவில் நின்ற பழைய செங்கல் மண்டபத்தின் கூரை அது. அதற்குக் கீழேதான் நான்கு வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடந்தது. அறுபத்திரண்டு பிள்ளைகள். அதிபர் குலசேகரம். இதுவரை வாடகை கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

"பெருந்தன்மையான சனம்" என்று அவர் மனைவி சிவனேஸ்வரியிடம் அடிக்கடி சொல்வார்.

இப்போது கவுன்சில் கடிதம் போட்டிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் சொந்தக்காரர் யாரென்று தெரிந்து, அவர் கூரையைத் திருத்த ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தை இடித்துக் கார் பார்க். மேல் ஊர்ச் சங்கமும் கீழ் ஊர்ச் சங்கமும் அந்த மண்டபத்தை வைத்துப் பல வருடமாகச் சண்டை பிடிப்பதாகக் கேள்வி.

யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில், காணிப் பகுதியில் பதினெட்டு வருடம் பழைய உறுதிப் பத்திரங்களோடு மல்லுக்கட்டிய மனிதர் சும்மா இருப்பாரா? மூன்று லீவு நாளை நூலகத்தின் பழைய ஆவண அறையில் கழித்தார். பிடித்துவிட்டார்.

பிரான்சோடு யுத்தம் நடந்த காலம். மேல் எல்ம்பரியும் கீழ் எல்ம்பரியும் சேர்ந்து ஊர்ப்படைக்கு மூன்று சிப்பாய்கள் கொடுக்க வேண்டும். அதற்குப் படைவரி. மேல் ஊர் இரண்டு பங்கு, கீழ் ஊர் ஒரு பங்கு. சிப்பாய்களின் துவக்கும் தோட்டாவும் கோட்டும் வைத்த கட்டடம்தான் இந்த மண்டபம். ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரி: 'படைவரியைக் கடைசியாகக் கட்டியவர் எவரோ, சாவியும் கூரையும் அவருக்கே.'

குலசேகரத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அட, இது உபயம்!

அவருடைய ஊர்க் கோயிலில் ஐந்தாம் திருவிழாவின் உபயத்தை, அதாவது அன்றைய செலவை, யார் கட்டுவது என்று இரண்டு குடும்பங்கள் பதினொரு வருடம் கோர்ட்டில் ஏறி இறங்கின. 'நான்தான் கட்டுவேன்' என்று இவர். 'விடமாட்டேன்' என்று அவர். கட்டுகிறவருக்குத்தானே முதல் மரியாதை! பாவம் இந்த வெள்ளைக்காரர்கள், அத்தாட்சி இல்லாமல் அல்லவா அடிபட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்.

தேநீர் இடைவேளை ஓட்டம் போய் நின்றது மேல் ஊர்ச் சங்கச் செயலாளர் ஹார்க்னெஸின் வாசலில். அவர் கதவைத் திறந்தார்.

"வாழ்த்துகள்!" என்றார் குலசேகரம் மூச்சிரைக்க. "ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றில் கடைசியாகப் படைவரி கட்டியது உங்கள் ஊர்தான். அத்தாட்சி இருக்கிறது. இரண்டு பங்கு!"

ஹார்க்னெஸின் முகம் வெளுத்தது. "இதை வேறு யாராவது பார்த்தார்களா?"

"இல்லை. முதல் உரிமை உங்களுக்குத்தானே!"

கதவு மூடிக்கொண்டது. அந்த மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று குலசேகரம் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் காலை ஹார்க்னெஸின் துண்டுப்பிரசுரம் வந்தது: 'மண்டபத்துக்கும் மேல் எல்ம்பரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது!'

"கீழ் ஊரார் ஆளைப் பயப்படுத்தி வெருட்டிப்போட்டினம்" என்றார் குலசேகரம். "சரி, அவையளுக்கே மரியாதையைக் குடுப்பம்."

மறுபடி ஆவண அறை. மறுபடி வெற்றி! ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தில் கீழ் ஊர் மூன்று பங்கையும் தனியாகவே கட்டியிருந்தது. கீழ் ஊர்ச் சங்கத் தலைவி திருமதி பெம்பிள்டனின் வீட்டுக்கு அன்று மாலையே பூங்கொத்தோடு போனார்.

அம்மையார் கடுதாசியை வாசித்தார். பூங்கொத்தை வாங்கினார். அதே பூங்கொத்தால் வாசல்படி வரை அவரை விரட்டினார்.

கோட்டில் ஒட்டிய இதழ்களோடு இரவு ஷிப்டுக்கு வந்தவரைப் பார்த்துச் செபமாலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, உவங்கள் உபயத்துக்கு அடிபடேல்லை. உபயத்தில இருந்து தப்பத்தான் அடிபடுறாங்கள்! கட்டினவன் எண்டு வந்தால் கூரையும் அவன்ர தலையில. வாடகை ஏன் கேக்கேல்லை? வாங்கினால் சொந்தக்காரன் ஆகிப்போவாங்கள்!"

குலசேகரம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப பெருந்தன்மை?"

"பெருந்தன்மையாவது! எங்கட மன்னாரில பெருநாள் உபயத்துக்குப் பேர் குடுக்காட்டி ஊர் சிரிக்கும். இஞ்ச பேர் குடுத்தால் சிரிக்கும். கூரை எண்டால் எங்கட சனம் போட்டி போட்டுக் கட்டித் தரும். ஓட்டுக்கு ஒராள், மரத்துக்கு ஒராள். ஆனா கட்டடம் எங்கடையில்லையே. எந்தச் சொந்தக்காரன் கையெழுத்து வைப்பான்?"

இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டும். குலசேகரம் அன்றிரவே இரு பக்கத்துக்கும் ஒரே கடிதம் எழுதினார்: 'நான் தந்த கடுதாசிகளில் பிழை இருக்கலாம். நீங்கள் இருவருமே கட்டாமலும் இருந்திருக்கலாம். மன்னிக்கவும்.'

நல்ல கடிதம். நல்ல கையெழுத்தும்கூட. நூறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத இரு ஊர்களும் அதை வாசித்ததும் கைகுலுக்கிக்கொண்டன. 'இருவரும் கட்டவில்லை. ஆகவே இருவருக்கும் சொந்தமில்லை. இடித்துவிடலாம்.' கூட்டு மனுவுக்கு முதல் ஆதாரம் குலசேகரத்தின் கடிதம்!

சனிக்கிழமை காலை அவர் காலில் சப்பாத்துக்கூடப் போடாமல் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சருங்கோ, ஒரு பென்ஸ் காசு இருக்கோ?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. சனிக்கிழமை தவறாமல் கேட்கிற கேள்வி அது. ஒரு கையில் வடைப் பெட்டி.

"பள்ளிக்கூடம் இடியப்போகுது. உனக்கு ஒரு பென்ஸ் கவலை!"

"இடியேக்க இடியட்டும். இருக்கோ, இல்லையோ?"

தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மண்டப வாசலில் காவலாளி வில்ஃப் வழமைபோல நாற்காலியில் இருந்தார். எழுபது வயது. இடுப்பில் சாவிக்கொத்து. மடியில் தோல் அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம், அதன்மேல் வடை வைக்க விரித்த பேப்பர்.

"இன்றைக்குத்தான் கடைசி வடையா, மேடம்?" என்றார் அவர் சோகமாக.

"நோ, நோ. ஈட், வில்ஃப்" என்றாள் சிவனேஸ்வரி.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. விசாரணை அந்த மண்டபத்திலேயே நடந்தது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு மூன்று வாளி. ஒரு பக்கம் ஹார்க்னெஸ், மறு பக்கம் பெம்பிள்டன். இருவர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. பின் வரிசையில் செபமாலைமுத்து, கையில் ஒரு பட்டியலோடு. 'கூரை உபயம்' என்று தலைப்பு. பதினெட்டுப் பெயர்.

"எழுதினது எழுதினதுதான் அண்ணை. இடிச்சாலும் வச்சிருப்பன்."

கவுன்சில் வழக்கறிஞர் அம்மா தொண்டையைச் செருமினார். "ஒப்பந்தம் இன்றும் செல்லும். கடைசியாகப் படைவரி கட்டியவருக்கே சாவியும் கூரையும். திரு. ஹார்க்னெஸ்?"

"நாங்கள் கட்டவில்லை!"

"திருமதி பெம்பிள்டன்?"

"ஒரு காசுகூட இல்லை!"

"கண்டெடுத்தவரே பிழை இருக்கலாம் என்று எழுதிய கடுதாசிகள் செல்லாது. படைவரிப் பேரேடு கிடைத்தால் பார்க்கலாம். அதையும் காணோம். ஆகவே..." அவர் பேனாவைத் திறந்தார்.

குலசேகரம் எழுந்தார். "அம்மா, ஒரு நிமிடம். அறுபத்திரண்டு பிள்ளைகள்..." இரு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கூரை அவர் தலையில் ஒரு துளி போட்டது.

"பேரேடா?" என்றது ஒரு குரல் வாசலிலிருந்து. வில்ஃப். "துவக்கு அலுமாரிக்குள் கிடந்ததே, அதுவா?"

நடந்து வந்து தோல் அட்டைப் புத்தகத்தை மேசையில் வைத்தார். வழக்கறிஞர் வடைப் பேப்பரை விலக்கி, எண்ணெய் படிந்த முதல் பக்கத்தைப் புரட்டினார். 'எல்ம்பரிப் படைவரிப் பேரேடு.' ஹார்க்னெஸும் பெம்பிள்டனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கங்கள் புரண்டன. பதின்மூன்று. பதினைந்து. வழக்கறிஞரின் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இதற்குப் பிறகும் வரவு இருக்கிறதே! அதுவும் நீல பால்பொயின்ற் பேனாவில்?"

"நான்தான் எழுதினேன்" என்றார் வில்ஃப். "காசு கொடுக்காமல் சும்மா ஒரு இடத்தைப் பாவிக்கமாட்டோம், வாங்கு, எழுது, ரசீது தா என்று ஒருவர் விடாப்பிடியாக நின்றால் நான் என்ன செய்வது? ஒவ்வொரு வாரமும் கவுன்சில் உண்டியலில்தான் போட்டேன். எழுத என்னிடம் இருந்தது இந்த ஒரு புத்தகம்."

"கட்டியது எந்த ஊர்?"

வில்ஃப் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றினார். ஹார்க்னெஸைத் தாண்டினார். பெம்பிள்டனைத் தாண்டினார். பின் வரிசையில் பிளாஸ்கோடு இருந்த சிவனேஸ்வரியின் மடியில் அதை மெல்ல வைத்தார்.

"நாலு வருடம், ஒரு சனிக்கிழமை தப்பாமல், ஐந்து பவுணும் ஒரு பென்ஸும், எல்ம்பரியின் படைவரியைக் கடைசியாகக் கட்டியவர் இந்த மேடம்தான்!"